நாற்பது வெள்ளியும் ஒரு மாத்திரை டப்பாவும்

ஊருக்குப் போகிறவர்கள் பயணக் காப்புறுதியில் முதலில் திருப்ப வேண்டிய பக்கம் எது?

பிரிக்ஃபீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. மாடியில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். மேசைக்கு இந்தப் பக்கம் கிள்ளானிலிருந்து வந்த கணவனும் மனைவியும். திருச்சிக்கு இரண்டு டிக்கெட், பத்து நாள். சமயபுரம், பழனி, அப்புறம் குலதெய்வம். பெட்டிக்கு எத்தனை கிலோ போடுவது என்பதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. மைலோ, கோடாலித் தைலம், பிஸ்கட் டின் எல்லாம் சேர்ந்தால் இருபது கிலோ போதுமா, இருபத்தைந்து வேண்டுமா? அந்த வழக்கு தீர்ந்த பிறகு மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் கேட்டார்.

"இன்சூரன்ஸ் போடவா ஆன்ட்டி?"

"எவ்வளவு தம்பி?"

"ஆளுக்கு நாப்பது வெள்ளி சொச்சம்."

"சாமி கும்பிடத்தானே போறோம், என்ன ஆயிடப் போவுது? வேணாம்லா."

கணவர்தான், "பரவால்ல, போட்டுடுப்பா" என்றார். போட்டாயிற்று. பெயர், பிறந்த தேதி, கடப்பிதழ் எண், போகும் நாள், வரும் நாள். உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் கைப்பையிலிருந்து கடப்பிதழை உருவியபோது ஏழு அறை பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கூடவே வந்து மேசையில் விழுந்தது. மூடிகளில் இஸ்னின், செலாசா, ராபு என்று மலாயில் கிழமைகள். ஒவ்வோர் அறையிலும் இனிப்பு நீருக்கு, ரத்தக் கொதிப்புக்கு, கொழுப்புக்கு என்று மாத்திரைகள்.

அவர்கள் வாங்கிய பாலிசி அந்த டப்பாவை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். நாற்பது வெள்ளி மலிவா, ஐம்பது வெள்ளி மலிவா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மூன்றில் ஒருவர்

சுகாதார அமைச்சின் 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6க்கு இறங்கியது. நம் வீடுகளில் அந்த இறக்கம் தெரிகிறதா என்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியில் "எனக்கு இனிப்பு வேணாம்" என்று கை மறிப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே போதும். ஊருக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் மாத்திரை இல்லாதவரைத்தான் தேட வேண்டும்.

பயணப் பாலிசிகளில் பெரும்பாலானவை 'ஏற்கெனவே உள்ள நோய்' என்றொரு விலக்கு வைத்திருக்கின்றன. பயணத்துக்கு முந்தைய 12 மாதங்களில் டாக்டரைப் பார்த்த, மருந்து சாப்பிட்ட, சோதனை செய்துகொண்ட எந்த நோயும் அதற்குள் வரலாம். காலக்கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில பாலிசிகளில் காலக்கெடுவே கிடையாது. அந்த நோயால், அல்லது அதன் தொடர்ச்சியால் வந்த செலவுக்குப் பணம் கிடைக்காது.

அந்த 'தொடர்ச்சி'தான் ஆளைக் கவிழ்ப்பது. 64 வயதுக்காரர் ஒருவருக்குப் பழனி படிக்கட்டில் நெஞ்சுவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் தனியார் மருத்துவமனை. முன்பணம் கட்டினால்தான் அறைக்குள் கொண்டுபோகிறார்கள். மகன் கோலாலம்பூரிலிருந்து பணம் அனுப்புகிறார். ஸ்டென்ட் வைத்து ஆளைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஊர் திரும்பி ரசீதுகளை எல்லாம் அடுக்கிக் கிளைம் போட்டால், நிறுவனம் முதலில் கேட்பது அரசு கிளினிக்கின் சிகிச்சைப் பதிவு. அதில் பத்து வருட இனிப்பு நீர் இருக்கிறது, கொழுப்பு அளவும் இருக்கிறது. மாரடைப்பு அவற்றின் தொடர்ச்சி என்று நிறுவனத்தின் டாக்டர் எழுதினால் ஸ்டென்ட் செலவு குடும்பத்தின் தலையில். அதே மனிதர் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டிருந்தால் பணம் வந்திருக்கும். நாற்பது வெள்ளி பாலிசி போலி அல்ல. அவருக்கு வரக்கூடிய ஆபத்துக்குப் பொருந்தாதது.

இன்னொரு செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உயிர் போய்விட்டால் உடலைக் கொண்டுவருவது. இறப்புச் சான்றிதழ், பதப்படுத்தியதற்கான சான்றிதழ், போலீசின் ஆட்சேபனையின்மைக் கடிதம், சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் தாள்கள், சரக்கு விமானத்தில் இடம். பாலிசியில் இதற்கென்று தனித்தொகை உண்டு. ஆனால் மரணத்துக்குக் காரணம் பழைய நோய் என்றால் இதற்கும் அதே விலக்கு பாயக்கூடும். துக்கத்தின் நடுவில் குடும்பம் கட்டணத்தைத் தானே கட்டிவிடும். வேறு என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்காமல் விற்பது ஏன்?

2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 9வது அட்டவணை தனிநபர் காப்புறுதிக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. நிறுவனம் தனக்கு வேண்டியதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும்; வாங்குபவர் கேட்டதற்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். "நீங்களாக முன்வந்து சொல்லவில்லையே" என்று பின்னால் மடக்கும் பழைய வழிக்கு இது பெரிய அளவில் முட்டுக்கட்டை போட்டது.

மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, வாங்கும்போது பக்கம் பக்கமாகக் கேள்விகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பயணக் காப்புறுதியோ பெரும்பாலும் கேள்வியே கேட்பதில்லை. விலக்கைப் பாலிசியிலேயே எழுதி வைத்துவிடுகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் பணம் இல்லை. மூன்று நிமிடத்தில் விற்க முடிவது இதனால்தான். மெடிக்கல் கார்டுக்காரர் வாசலில் கேட்கும் கேள்வியைப் பயணக் காப்புறுதிக்காரர்கள் கிளைம் மேசைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

வாங்கும்முன் தரப்படும் விவரத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரிவது விபத்து மரணத்துக்கான தொகை, இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று. நோய் பற்றிய வரி உள்ளே எங்கோ இருக்கும். அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் ஏஜெண்ட். சொல்லுகிற ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். கவுண்டரில் எட்டுப் பேர் காத்திருக்கும் பள்ளி விடுமுறை நாளில் எத்தனை பேர் சொல்வார்கள்?

பெட்டிச் செய்தி: ஏஜெண்டிடம் கேட்க நான்கே கேள்வி

இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு மாரடைப்பு வந்தால் மருத்துவச் செலவு கிடைக்குமா? ஆம் என்றால் எவ்வளவு வரை?

70 வயதுக்கு மேல் மருத்துவத் தொகை குறைகிறதா?

மருத்துவமனையில் சேரும்முன் அழைக்க வேண்டிய உதவி எண் எது? அழைக்காவிட்டால் என்ன ஆகும்?

உடலைக் கொண்டுவரும் செலவு, பழைய நோயால் இறந்தாலும் உண்டா?

பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

"எங்ககிட்டதான் மெடிக்கல் கார்டு இருக்கே!"

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இது. இங்குள்ள பல மெடிக்கல் கார்டுகள் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு ஓரளவு பணம் தருகின்றன. அதுவும் மலேசியாவில் அதே சிகிச்சைக்கு நியாயமாக ஆகக்கூடிய கட்டணம் வரைதான். ஆளைத் திரும்பக் கொண்டுவரும் செலவு அதில் வருமா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். தொடர்ந்து 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் பாதுகாப்பு நின்றுபோகும் கார்டுகள் நிறைய. ஆனால் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: கார்டு வாங்கிய பிறகு வந்த இனிப்பு நீர் என்றால், பயணப் பாலிசி கைவிடும் இடத்தில் கார்டு கைகொடுக்கலாம். கார்டையும் பாலிசியையும் அருகருகே வைத்துப் படித்தால், கார்டு தராததை மட்டும் பயணப் பாலிசியில் தேடலாம். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கார்டு பிரிமியம் தாறுமாறாக ஏறி, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் தலையிட்டு ஏற்றத்தைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் கார்டையே கைவிட்டவர்கள் இப்போது ஊருக்குப் போகும்போது இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பதில், "கிரெடிட் கார்டுல டிக்கெட் எடுத்தா இன்சூரன்ஸ் ஃப்ரீ." பெரும்பாலும் அது விபத்து மரணம், உறுப்பிழப்பு ஆகியவற்றுக்கானது. விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் நடப்பதற்கு. காய்ச்சலுக்கு அல்ல.

மூன்றாவது, விமான நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட்டோடு வருவது. ஒரு காலத்தில் அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். கவனிக்காதவர் பணம் கட்டிவிடுவார். 2016இல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிமுறை அதை நிறுத்தி, பயணியே தேர்ந்தெடுத்தால்தான் சேர்க்கலாம் என்றாக்கியது. இவற்றில் பல பாலிசிகளின் பலம் விமானத் தாமதமும் பெட்டியும்தான். சில நல்ல மருத்துவத் தொகையும் தருகின்றன. விலக்குப் பக்கத்தைப் பார்க்காமல் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

பெட்டிச் செய்தி: காப்புறுதி இல்லாமலே கிடைப்பது

விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சாப்பாடு, தொலைபேசி வசதி. 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் போக்குவரத்தும்.

2024 செப்டம்பரிலிருந்து, 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தைக் கேட்கலாம். 30 நாளுக்குள், கட்டிய வழியிலேயே திருப்பித் தர வேண்டும்.

பெட்டி தொலைந்தால் மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி விமான நிறுவனத்தின் பொறுப்பு 1,519 எஸ்டிஆர் (அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை. இன்றைய மதிப்பில் எட்டாயிரம் வெள்ளிக்கு மேல். சேதமென்றால் 7 நாளுக்குள், தாமதமென்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

தெரிந்த பிறகு வாங்கினால்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் ஏறியது. நாள் கணக்கில் விமானங்கள் இல்லை. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூடினார்கள். டிசம்பர் நமக்குப் பள்ளி விடுமுறை மாதம், சென்னைக்கு மழை மாதம். இரண்டும் மோதுவது புதிதல்ல. பயணத் தாமதத்துக்கும் ரத்துக்கும் பணம் தரும் பாலிசிகள் ஒரு நிபந்தனை வைத்திருக்கும்: வாங்கும்போது அந்தச் சம்பவம் ஊரறிந்ததாக இருக்கக் கூடாது. புயலுக்குப் பெயர் வைத்துச் செய்தி வந்த பிறகு போடும் பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. 2024 நவம்பரில் இந்தோனேசியாவின் லெவோதோபி எரிமலை வெடித்து பாலி விமானங்கள் ரத்தானபோதும் இதே நிபந்தனைதான்.

எனவே டிக்கெட் எடுத்த அன்றே பாலிசி போடுவது புத்திசாலித்தனம். பயண ரத்துக்கான பாதுகாப்பு வாங்கிய நாளிலிருந்தே ஆரம்பிக்கும் பாலிசிகள் பல. முன்கூட்டி வாங்கினால் விலை பொதுவாக ஏறுவதில்லை. பிரிமியம் பயண நாள்களுக்குத்தான். ஆனாலும் நம்மில் பலர் சிப்பாங் விமான நிலையம் போகும் வழியில், காரில் உட்கார்ந்து போனில் போடுகிறோம்.

2020 மார்ச் இதைவிடக் கசப்பான பாடம். 11ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 17ஆம் தேதி இந்தியா மலேசியப் பயணிகளுக்குக் கதவடைத்தது. மறுநாள் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. 22ஆம் தேதியிலிருந்து இந்தியாவுக்கு அனைத்துலகப் பயணிகள் விமானமே இல்லை. சென்னையிலும் திருச்சியிலும் நூற்றுக்கணக்கான மலேசியர்கள் மாட்டிக்கொண்டார்கள். கோயிலுக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், பத்து நாள் மாத்திரை மட்டும் கொண்டுபோனவர்கள். அரசாங்கமும் விமான நிறுவனங்களும் தனி விமானங்கள் விட்டு அழைத்து வந்தன. பாலிசி வைத்திருந்தவர்களில் பலருக்கும் பெருந்தொற்று விலக்கு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை திறந்த பிறகு கோவிட் சிகிச்சையை நிறுவனங்கள் தனியாகச் சேர்த்து விற்கத் தொடங்கின. போர் விலக்கு மட்டும் எங்கும் அசையவில்லை. வளைகுடா வழியாக ஐரோப்பா போகிறவர்கள், 2025 ஜூனில் கட்டார் வான்வெளியை மூடிய இரவுக்குப் பிறகு அந்த வரியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

கயிலை போகிறீர்களா?

கயிலாய யாத்திரைக்கு இங்கிருந்து ஆண்டுதோறும் குழுக்கள் காட்மாண்டு வழியாகப் போகின்றன. சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். சில பாலிசிகளில் நேப்பாளும் திபெத்தும் 'ஆசியா' வட்டாரத்திலேயே கிடையாது. அதிக விலையுள்ள வட்டாரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆசியா என்று நினைத்து மலிவானதை வாங்கியவர் பாலிசியே இல்லாதவர் மாதிரிதான். அடுத்தது உயரம். மலையைச் சுற்றி நடக்கும் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலை நடைக்குப் பாதுகாப்பில்லை என்று எழுதிய பாலிசிகள் உண்டு. அறுபதைத் தாண்டியவருக்கு அங்கே மூச்சுத் திணறினால், தரைவழியாக நேப்பாள எல்லைக்குக் கொண்டுவந்த பிறகு ஹெலிகாப்டர்தான் வழி.

அந்த ஹெலிகாப்டரிலும் ஒரு கதை இருக்கிறது. தேவையில்லாத மீட்புகளுக்கும் ஊதிப் பெருக்கிய பில்களுக்கும் காப்புறுதிப் பணம் வாங்கும் கும்பல் பற்றி 2018இல் நேப்பாள அரசே விசாரணை நடத்தியது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் கெடுபிடியாகிவிட்டன. உதவி எண்ணை அழைத்து ஒப்புதல் வாங்காமல் ஏறிய ஹெலிகாப்டருக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. குழுத் தலைவரின் போனில் மட்டுமல்ல, ஒவ்வொருவர் போனிலும் அந்த எண் இருக்கட்டும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பணம் மிச்சமாகும் இடங்கள் உண்டு. ஊருக்கு மட்டும் போகிறவருக்கு உலகளாவிய திட்டம் வேண்டாம். பத்து லட்சம் வெள்ளி மருத்துவத் தொகையும் தேவையில்லை. அமெரிக்கா போகிறவருக்குத்தான் அது தேவைப்படும். பெட்டிக்கான தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. நகைக்குப் பல பாலிசிகளில் ஒன்றுமே இல்லை, அல்லது பெயருக்கு ஏதோ உண்டு. தி.நகரில் எடுத்த பட்டுப்புடவைகளைப் பெட்டியில் போடலாம், தாலிச்சங்கிலியைப் போடக் கூடாது.

குடும்பத் திட்டம் மலிவு. ஆனால் அந்தக் 'குடும்பம்' கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும். தாத்தா பாட்டிக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும். உண்மையில் நல்ல பாலிசி தேவைப்படுவது அவர்களுக்குத்தான். எல்லோருக்கும் நடுத்தரமாக ஒன்று வாங்குவதைவிட, இளையவர்களுக்கு மலிவானதும் பெரியவர்களுக்கு விலை கூடியதும் வாங்குவதே சரி என்பது என் கணக்கு. சரக்கெடுக்க வருடத்தில் பல தடவை சென்னைக்கும் சூரத்துக்கும் பறக்கும் கிள்ளான் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஆண்டுப் பாலிசி கட்டுப்படியாகும். அதில் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், 70இல் நிறுத்திவிடும் திட்டங்கள் அதிகம். எந்தப் பாலிசியையும் மலேசியாவை விட்டுக் கிளம்பும்முன் வாங்க வேண்டும். உம்ராவுக்குப் போகும் நம் முஸ்லிம் அன்பர்களுக்கு விசாவோடு ஒரு காப்புறுதி வந்துவிடுகிறது. அது சவூதிக்குள் மட்டும் செல்லும்.

இணையத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பாதி விலைக்கு விற்கின்றன. பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் பெயர் இல்லையென்றால், தகராறு வரும்போது இங்கே முறையிட உங்களுக்கு இடமில்லை.

பெட்டிச் செய்தி: கிளைமை மறுத்தால்

முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள்.

திருப்தி இல்லையென்றால் 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை அணுகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. பழைய நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனும் பங்குச் சந்தைத் தகராறு மையமும் இணைந்தது. 2,50,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதி வழக்குகளைக் கேட்கும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

பேங்க் நெகாராவின் தொலைபேசி: 1-300-88-5465.

பக்கத்து நாட்டில் முடிகிறது

சிங்கப்பூரில் இனிப்பு நீர், இதய நோய் உள்ளவர்களுக்கென்றே தனிப் பயணத் திட்டங்களை விற்கிறார்கள். விலை கூடத்தான், ஆனால் கேட்டால் கிடைக்கிறது. அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். பிரிட்டன் ஒரு படி மேலே போனது. 2021 ஏப்ரலிலிருந்து, நோயைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பயணக் காப்புறுதி தர மறுக்கும் நிறுவனம், அப்படிப்பட்டவர்களுக்கு விற்கும் நிறுவனங்களின் பொதுப் பட்டியலை அவருக்குக் காட்ட வேண்டும் என்று நிதிக் கண்காணிப்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. நோய்க்காகக் கட்டணத்தை நூறு பவுண்டோ அதற்கு மேலோ ஏற்றினாலும் அதே கட்டாயம்தான்.

மலேசியாவிலும் பழைய நோய்க்குக் குறைந்த தொகையாவது தரும் திட்டங்கள் ஒன்றிரண்டு தலைகாட்டுகின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒவ்வொரு நிறுவனத்தின் பாலிசியையும் தனித்தனியாகத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நாட்டில், எந்தப் பயணத் திட்டம் அதை ஏற்கிறது, எவ்வளவு வரை, எந்த வயது வரை என்று ஒரே பக்கத்தில் போடச் சொல்வது பேங்க் நெகாராவுக்குப் பெரிய வேலை அல்ல. பயனீட்டாளர் சங்கங்களும் நம் மக்கள் பிரதிநிதிகளும் இதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பக்கத்தில் தமிழும் இருந்தால் துன் சம்பந்தன் சாலை ஏஜெண்டுகளுக்கும் வேலை மிச்சம்.